காதலன் வேடம் கட்டிய ஸெலி வெர்னூ

ஸெலி வெர்னூவை நான் முதன்முதலில் பார்த்தது காவல் நிலையத்தில். பிப்ரவரி மாதத்து ஞாயிறு, மழை விட்ட மாலை. இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அந்தப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பிடித்தவர்கள் இருவரும் அவருடைய தோள் உயரம்தான் இருந்தார்கள். பச்சைப் பட்டில் தைத்து, கணுக்காலில் சுருக்கிக் கட்டிய அகலக் கால்சட்டை போட்டிருந்தார். அதன் ஒரு கால் முழங்கால்வரை கிழிந்து தொங்கியது. தலையில் தொப்பி இல்லை. யாரோ எறிந்த ஆரஞ்சுத் தோல் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்த நிலையத்தில் எழுத்தர். எங்கள் குடும்பம் பெரி என்கிற மாகாணத்தில் ஒரு கிராமத்தில் அடுத்தவன் நிலத்தை உழுத குடும்பம். என் அப்பா கையெழுத்து போட வேண்டிய இடத்தில் சிலுவை போட்டவர். அந்த வீட்டிலிருந்து பாரீசுக்கு வந்து சட்டப் பட்டம் வாங்கியவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். ஆய்வாளர் ஃபூஷெரோவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். "வக்கீல் ஐயா, கொஞ்சம் எழுதறீங்களா?" என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

"பேரு?"

"ஸெலி வெர்னூ."

"வயசு?"

"முப்பத்துமூணு. மேடையில பத்தொம்பது."

"தொழில்?"

"காதலன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சரியாத்தான் காதுல விழுந்துச்சு தம்பி. பதினஞ்சு வருஷமா காதலன். அதுக்கு முந்தி காதலனோட வேலைக்காரன். எழுதிக்க."

ஃபூஷெரோ மேசையைத் தட்டினார். "ஏய், இது நாடகக் கொட்டகை இல்ல."

"தெரியுதுங்க. கொட்டகையில இவ்ளோ நாத்தம் அடிக்காது."

காவலர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் திட்டு வாங்கினான்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் நகரத்து பாலே நடன மேடைகளில் ஆண்கள் நாயகனாக ஆடக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் ஆண்டுச் சந்தா கட்டி முன்வரிசையில் உட்காரும் கனவான்களுக்கு ஆம்பிளைத் தொடையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் இளவரசன், மீனவன், சிப்பாய், மேய்ப்பன் எல்லாரும் பெண்கள். இடுப்பைக் கச்சில் இறுக்கி, காலோடு ஒட்டிய கால்சட்டை மாட்டி, நெஞ்சில் ஜரிகை தைத்து மேடைக்கு அனுப்புவார்கள். பார்க்கிறவன் அதை ஆண் என்று நம்பவேண்டிய தேவையே இல்லை. நம்பாமல் பார்ப்பதில்தான் அவர்களுக்கு ருசி.

ஸெலியின் அம்மா ஒரு துணி வெளுக்கும் பெண். மகளை எட்டு வயதில் வால்மோன் அரங்கின் ஆட்டப் பள்ளியில் விட்டார். அங்கே சேரும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே கனவுதான்: டூட்டூ. கஞ்சி போட்ட வலைத்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, இடுப்பைச் சுற்றிக் குடை போல விரியும் வெள்ளைப் பாவாடை. பாட்டிமார் காலத்தில் அது கெண்டைக்கால்வரை மணி போல் தொங்கியது. பிறகு இத்தாலியிலிருந்து வந்த ஆட்டக்காரிகள், எங்கள் கால் செய்கிற வித்தை எவன் கண்ணிலும் படவில்லை என்று முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். அவர்கள் வெட்டியது வித்தைக்காக. எங்கள் அரங்கு முதலாளிகள் அதற்கு மேலும் வெட்டியது எதற்காக என்று முன்வரிசையில் இருந்த தொலைநோக்கிக் கண்ணாடிகளைக் கேட்டால் தெரியும்.

பதினான்கு வயதில் ஸெலி திடீரென்று வளர்ந்துவிட்டார். ஆட்ட ஆசான் அவரைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, "உனக்கு டூட்டூ போட்டா கூடாரம் நடந்து வர்ற மாதிரி இருக்கும். கால்சட்டைக்குப் போ" என்றாராம். மூன்று நாள் அழுததாக ஸெலி என்னிடம் பிறகு சொன்னார். அழுகை நின்றதும் வேறொன்று பிடிபட்டது. அவருடைய கைக்குள் வந்த எந்தப் பெண்ணும் விழவில்லை. இர்மா என்ற முதல்நிலை ஆட்டக்காரி, "ஸெலி பிடிச்சாத்தான் நான் குதிப்பேன், இல்லாட்டி எனக்குத் தலைவலி" என்று முதலாளியிடமே சொல்வாள். அது ஸெலியின் சொத்து. அவருக்கு வேறு சொத்து இல்லை.

அப்புறம் ரஷ்ய பாலேக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த ஆண்கள் சிறுத்தை மாதிரி தாவினார்கள். ஒரே வசந்தத்தில் பாரீசுக்கு ஆண் தொடை பிடித்துப்போனது. கால்சட்டை போட்ட பெண்ணைப் பார்த்து, "இது எங்க தாத்தா காலத்து ரசனை" என்று அதே கனவான்கள் கொட்டாவி விட்டார்கள். வால்மோன் அரங்கின் முதலாளி ஓபெர்தேன், மிலான் நகரத்திலிருந்து ஓர் ஆணைக் கூட்டிவரலாமா என்று பேச்சைத் தொடங்கினார். வரும் பருவத்தில் புது பாலே. அதில் மேய்ப்பன் வேடம் ஸெலிக்கா, மிலான்காரனுக்கா என்பதுதான் கேள்வி. மேய்ப்பன் கைவிட்டுப் போனால் ஸெலிக்கு வேறு வேடமே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துத் தையலகங்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. முந்தின வருஷம் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போல ஒடுங்கிய பாவாடையைத் தைத்து, சீமாட்டிகளைக் கால் கட்டிய கோழி போல நடக்கவிட்டவர்கள், இந்த வருஷம் கால்சட்டைப் பாவாடை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஓபெர்தேன் ஸெலியைக் கூப்பிட்டார்.

"மதாம் ஒர்தான்ஸ் தையலகம் புது பாலேக்கு எல்லா உடுப்பும் சும்மாவே தைச்சுத் தருதாம். பதிலுக்கு ஞாயித்துக்கிழமை பந்தய மைதானத்துல அவங்க கால்சட்டைய ஒரு பொண்ணு போட்டு நடக்கணும். உனக்குப் பழக்கம்தானே? நடந்துட்டு வா. மேய்ப்பன் உனக்குத்தான்."

ஸெலி நடந்தார்.

மூன்று பெண்கள் போனார்கள். முதலில் சீழ்க்கை. அப்புறம் கைத்தடியால் துணியைத் தூக்கிப் பார்ப்பது. "அம்மணி, மீசைய வீட்டுல மறந்துட்டீங்களா?" "சவரம் பண்ணிக்கத் துட்டு வேணுமா?" கூட்டம் நெருக்க, மற்ற இருவரும் மோட்டார் வண்டிக்குள் ஓடிவிட்டார்கள். ஸெலியின் பின்னே பாதை அடைபட்டது. பட்டுத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்ட கூட்டம். எங்கள் ஊர்ச் சந்தையில் குடித்துவிட்டு ஆடுகிறவன்கூட அப்படி ஆடமாட்டான்.

அதில் ப்ரெஸோல் பிரபுவும் இருந்தார். வால்மோன் அரங்கின் பழைய சந்தாக்காரர். பத்து வருஷமாக வியாழன்தோறும் மேடைக்குப் பின்னால் வந்து ஸெலியின் தொடையில் தட்டி, "என் சின்ன மேய்ப்பன்" என்று கொஞ்சுகிறவர். அவர் தன் கைத்தடியின் வளைந்த பிடியைப் பச்சைப் பட்டுக்குள் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். துணி கிழிந்தது.

"பத்து வருஷமா நான் பாத்த காலு. இன்னைக்கு மட்டும் எதுக்குடீ மூடுற?"

ஸெலி அவரை அடிக்கவில்லை. பதினைந்து வருஷமாகச் செய்ததைச் செய்தார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பிரபுவின் இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து, மூச்சோடு தூக்கி, மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். அந்தப் பக்கம் குதிரைகள் ஓடிய சேறு; பிரபு வழுக்கி அதில் குப்புற விழுந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். புகார் கொடுக்க வந்தபோது நான் பார்த்தேன், நன்றாகவே ஒட்டியிருந்தது.

ஃபூஷெரோ இரண்டு குற்றங்கள் எழுதச் சொன்னார். ஒன்று, கனவான்மேல் கை வைத்தது. இரண்டு, பெண் கால்சட்டை உடுத்தியது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஆணை ஒன்று இருக்கிறது. பாரீசில் ஒரு பெண் கால்சட்டை போட வேண்டுமானால் காவல்துறையின் அனுமதி வேண்டும். பிற்காலத்தில் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கையில் மிதிவண்டியின் பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் குற்றமில்லை.

நான் அதைச் சொன்னதும் ஸெலி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிகளா, முன்னாடியே சொல்லக்கூடாதா? பந்தய மைதானத்துல குதிரைக்கா பஞ்சம்? ஒண்ண பிடிச்சுட்டே வந்திருப்பேனே."

"ஐயா," என்றேன் ஃபூஷெரோவிடம், "இதே துணி நகரத்துல கண்ணாடி ஜன்னல் எல்லாத்துலயும் தொங்குது. தைச்சவங்கள விட்டுட்டு உடுத்தினவங்களப் பிடிக்கறது எந்தச் சட்டம்? துணியக் கிழிச்சவர்மேல எந்தக் குற்றம் எழுதறது?"

"பட்டம் வாங்கினா வாயும் சேந்து வளருது பாரு," என்றார் ஃபூஷெரோ. "எழுதற வேலைய மட்டும் பாரு."

இன்றைக்கும் எனக்கு ஆறாதது இதுதான். அரங்கில் வெள்ளை வலைத்துணி விரிந்து, ஒரு பெண்ணின் கால் இடுப்புவரை தெரிந்தால் அது கலை. நகரசபை அதற்கு மானியம் தருகிறது. அதே பெண் தெருவில் கணுக்கால்வரை மூடிக்கொண்டால் அது ஒழுக்கக்கேடு. எங்கள் சட்டக் கல்லூரியில் இதை விளக்கிச் சொல்ல ஒரு பேராசிரியரும் இல்லை.

பிரபு உடை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். கூடவே முதலாளி ஓபெர்தேன். பிரபு ஸெலியைப் பார்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"புகாரை நான் வாபஸ் வாங்கறேன். ஒரே நிபந்தனை. வியாழக்கிழமை, மேடைக்குப் பின்னாடி கூடத்துல, எல்லாச் சந்தாக்காரங்க முன்னாடியும் மன்னிப்பு கேக்கணும். டூட்டூ போட்டுக்கிட்டு. பொம்பளையா வந்து, பொம்பளையா வணங்கணும்."

ஓபெர்தேன் ஸெலியின் காதருகே குனிந்தார். "கேட்டுடும்மா. ஒரு நிமிஷ வேலை. மேய்ப்பன் உனக்குத்தான், வாக்கு தர்றேன். கேக்கலைன்னா வழக்கு. வழக்கு வந்தவள எப்படி நான் மேடையில ஏத்துவேன்?"

அவர்கள் போனபின் நான் சொன்னேன்: "ஒத்துக்காதீங்க. இந்த வழக்கு நிக்காது."

"வழக்கு நிக்காது தம்பி. நான் எங்க போய் நிப்பேன்?" என்றார். ஆரஞ்சுத் தோலை அப்போதுதான் முடியிலிருந்து எடுத்தார்.

மன்னிப்பு நடந்ததற்குச் சாட்சியாக நிலையத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். ஃபூஷெரோ என்னை அனுப்பினார், எனக்குத் தண்டனையாக.

நான் போனபோது உடை அறைக் கதவு திறந்திருந்தது. உடுப்பு மாட்டும் மதாம் கோர்னியூ, ஸெலியை டூட்டூவுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த அரங்கில் ஸெலி அளவுக்கு டூட்டூ ஒன்றும் கிடையாது. இர்மாவின் பழைய உடுப்பின் முதுகைப் பிரித்து, நடுவே ஒரு துண்டுத் துணி வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

"மூச்சை விடாதடீ, தையல் தெறிக்கும்," என்றார் கோர்னியூ.

"அப்ப மன்னிப்பு எப்படிக் கேக்கறது, சைகையிலயா?"

இர்மா முன்னால் நின்று வணக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்களின் வணக்கம் வேறு, ஆண்களின் வணக்கம் வேறு. டூட்டூ போட்டவள் இடுப்பை மடக்கவே கூடாது.

"முதுகு கம்பு மாதிரி நேரா இருக்கணும். ஒரு காலப் பின்னால கொண்டுபோயி அப்படியே இறங்கு. தலைய மட்டும் சாய். இடுப்புல குனிஞ்சியோ, பாவாடை பின்னாடி சேவல் வாலாட்டம் எந்திரிக்கும், ஞாபகம் வச்சுக்கோ."

ஸெலி செய்து பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. நன்றாகவே வந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "பதினாலு வயசுல இதுக்காக அழுதேன்," என்றார். "கூடாரம்னு சொன்னானே, பொய் சொல்லல."

நாங்கள் சிரித்தோம், இர்மா மட்டும் சிரிக்கவில்லை.

கூடத்தில் சந்தாக்காரர்கள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அரைவட்டமாக நின்றார்கள். நடுவே நாற்காலியில் ப்ரெஸோல். சுவரோரம் ஆட்டக்காரிகள். மூலையில் ஒத்திகைப் பியானோக்காரர். ஓபெர்தேன் கையைக் கட்டிக்கொண்டு ஸெலிக்குப் பின்னால், ஓடிவிடாமல் காவல் காப்பவர் போல நெருங்கி நின்றார்.

ஸெலி தெளிவான குரலில் சொன்னார்: "முசியே, உங்கமேல நான் கை வச்சது தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அதில் குத்தலும் இல்லை, குறும்பும் இல்லை. நான் அங்கே நின்று கேட்டேன். அவர் வேலையைக் காப்பாற்ற வந்திருந்தார். ஆத்திரத்தை முழுங்கிவிட்டு வந்திருந்தார்.

"ம். வணக்கம்?" என்றார் ப்ரெஸோல்.

எந்த ஆட்டக்காரி வணங்கினாலும் பியானோவில் ஒரு முடிவுச் சுரம் வாசிப்பது அங்கே வழக்கம். பியானோக்காரர் நல்ல மனிதர், உதவுவதாக நினைத்து வாசித்தார். ஸெலிக்காகப் பதினைந்து வருஷமாக வாசித்த சுரமே விரலில் வந்தது. மேய்ப்பன் காதலியின் முன் வணங்குகிற சுரம்.

காது கேட்டது, உடம்பு கேட்டது. வலது கால் பின்னே போயிற்று, கை நெஞ்சுக்கு வந்தது, ஸெலி இடுப்பிலிருந்து ஆழக் குனிந்து ஓர் ஆணின் வணக்கத்தை வைத்தார். பாவாடை பின்னால் எழுந்து ஓபெர்தேனின் தாடியைத் தொட்டது. உள்ளாடை ஜாலர் முழுவதும் அவர் கண்ணுக்கு நேரே.

முதலில் ஒரு சின்னப்பெண்ணின் சிரிப்பு. அடுத்து மொத்தக் கூடமும். ஓபெர்தேனைப் பார்த்துச் சிரித்தார்கள், ப்ரெஸோலைப் பார்த்தும் சிரித்தார்கள். ப்ரெஸோல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மறுபடியும் என்னைக் கேலி செய்யறாளா?"

ஸெலி சட்டென்று நிமிர்ந்தார். "ஐயோ, இல்லைங்க முசியே. வேணும்னு செய்யல. கை கால் பழக்கம். அந்தச் சுரம் கேட்டதும்... இருங்க, சரியாச் செய்யறேன்." உடனே செய்தும் காட்டினார், முதுகு நேராக, இர்மா சொல்லிக்கொடுத்தபடி. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"வெளிய போடீ!" என்றார் ஓபெர்தேன், தாடியைத் துடைத்துக்கொண்டு.

"முசியே, வாக்கு கொடுத்தீங்க. மேய்ப்பன்..."

"என்ன மேய்ப்பன்? மிலான்காரன் போன வாரமே கிளம்பிட்டான். உனக்காக அவனத் திருப்பி அனுப்பணுமா?"

போன வாரம். பந்தய மைதானத்துக்கு ஸெலியை அனுப்புவதற்கு முன்பே. காவல் நிலையத்தில் காதருகே குனிந்து வாக்குக் கொடுத்தபோது, மிலான்காரன் பாரீசுக்கு வந்தே சேர்ந்திருந்தான்.

ஸெலி கத்தவில்லை. அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன், கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ப்ரெஸோல் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க முசியே. பத்து வருஷம், வியாழன் தவறாம பாத்திருக்கீங்க. நான் எப்பவும் வணங்கற வணக்கம்தானே இது? பூ எறிவீங்களே? இது கேலியா, பழக்கமா, நீங்களே சொல்லுங்க. கடைசி வரிசையில நிக்கவாவது இவர் என்னை விடட்டும்."

எல்லாரும் ப்ரெஸோலைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ப்ரெஸோல் கையுறையை மாட்டினார், ஒவ்வொரு விரலாக. "எனக்கு எதுவும் ஞாபகமில்லை," என்றார்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பொய் சொல்கிறவன் முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

புகாரை அவர் வாபஸ் வாங்கவில்லை. மன்னிப்பு முறையாகக் கேட்கப்பட்டது என்று நான் எழுதிக் கொடுத்ததை நீதிபதி படிக்கவும் இல்லை. ஒரு வாரம் சிறை. நாளிதழ்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்குத் திரித்தன. ஒரு கூட்டம் அவரை வெட்கம் கெட்டவள் என்றது. இன்னொரு கூட்டம் வீரப் பெண்மணி, பிரபுத்துவத்துக்குப் பின்புறம் காட்டியவள் என்று கொண்டாடியது. பெண்ணுரிமைப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் பேட்டிக்கு வந்தார். ஸெலி அவரிடம், "நான் வீரம் ஒண்ணும் காட்டலம்மா. கை தப்பிப்போச்சு. எனக்கு என் வேலை வேணும், அதப் போடுங்க" என்றார். அது அச்சில் வரவில்லை. வீரம் மட்டும் வந்தது.

எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் கோபம்தான். திட்டியவனுக்கும் அந்தப் பெண் தேவைப்படவில்லை, கொண்டாடியவனுக்கும் தேவைப்படவில்லை. மறு வருஷம் ப்ரெஸோலின் மனைவி தன் வீட்டு விருந்தில் பட்டுக் கால்சட்டை போட்டு நின்றார். படத்தோடு செய்தி வந்தது, கீழ்த்திசை அழகு என்று. மிலான்காரன் மேய்ப்பனாக ஆடினான். இர்மா அவனோடு ஒரு பருவம் ஆடிவிட்டு, தலைவலி என்று விலகிக்கொண்டாள்.

ஸெலி வேறு அரங்குகளில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் எழுதிய மேல்முறையீடு இரண்டு வருஷம் இழுத்துத் தள்ளுபடி ஆனது.

ஸெலி வெர்னூ இப்போது பூலோன் துறைமுகத்தில் இருக்கிறார். மீன் ஏலக் கூடத்தில் பெட்டி சுமக்கும் வேலை. அக்காள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது.